மாத்திரைக்கு முன்னால் எழுதிய வரி

தம்பி, இந்தக் கடிதம் உன் பெரிய பெட்டியில், போன வாரம் நாம் வாங்கிய தடித்த குளிர்சட்டையின் மடிப்புக்குள் இருக்கும். நியூசிலாந்தில் இறங்கி, குளிர் தாங்காமல் அந்தச் சட்டையை நீ உதறும்போதுதான் இது உன் கையில் விழ வேண்டும். அதற்கு முன்னால் விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமை இரவு, மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. நீ உள்ளே தூங்குகிறாய். நான் அடுப்படியில் சின்ன விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ புரண்டு படுத்தால் கட்டில் சத்தம் போடுகிறது, உடனே நோட்டுப் புத்தகத்தின் மேல் துண்டை எடுத்துப் போடுகிறேன். வாத்தியாருக்குத் தெரியாமல் மேசைக்கு அடியில் எழுதுகிற பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி இருக்கிறேன், இந்த ஐம்பத்திரண்டு வயதில்.

சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சொல்லாமலே விட்டுவிடுவேன். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் என் தவறால் ஒருவருடைய உடம்பு கெட்டிருக்கிறது. என்னைத் தவிர யாருக்கும் அது தெரியாது. அவருக்கும் தெரியும் என்று வேண்டுமானால் சொல்லலாம், ஆனால் அவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்கிறார். நாளைக் காலை பத்து மணிக்கு டாக்டர் வருகிறார். அதற்குள் நான் இல்லத்தை நடத்தும் மேடத்திடம் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் என் வேலை போகலாம். நாளை மாலை நான்கு மணிக்கு உனக்கு பஸ், ராத்திரி கோலாலம்பூரிலிருந்து விமானம். அம்மாவுக்கு வேலை போய்விட்டது என்று தெரிந்தால் நீ பெட்டியைப் பிரித்துத் துணியையெல்லாம் அலமாரியில் திரும்ப அடுக்கிவிடுவாய். எட்டு வருஷத்துக்கு முன்னால் உன் அப்பா இறந்தபோது பினாங்கில் கிடைத்த படிப்பை விட்டுவிட்டு வந்து நின்றாயே, அப்படி. அதனால்தான் உன் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் குளிர்சட்டைக்குள் ஒளித்துச் சொல்கிறேன்.

இது எங்கே தொடங்கியது என்று யோசித்தால், மேடம் போட்ட புதுச் சட்டத்தில் போய் நிற்கிறது. முன்பெல்லாம் எங்கள் இல்லத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தாள் இருக்கும். சாப்பாடு, குளியல், மருந்து எல்லாவற்றுக்கும் நேராக ஒரு டிக் போட்டால் போதும். ஆறு மாதத்துக்கு முன்னால் மேடம் எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார், "இனிமே டிக் போடுற வேலையே வேணாம். பிள்ளைங்க எல்லாம் மெல்பர்ன்ல, சிங்கப்பூர்ல உக்காந்துகிட்டு, அம்மா சாப்பிட்டாங்களா, அப்பா குளிச்சாங்களானு தவிக்கிறாங்க. அவங்களுக்கு வாக்கியமா வேணும். இங்கிலீஷ்ல எழுதுங்க. தெனமும் ஆறு மணிக்கு நான் படம் பிடிச்சு அனுப்பிடுவேன்." மேடம் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு அது சின்ன விஷயம். எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. நீ கேட்டாய், நான் பல்வலி என்று சொன்னேன்.

நான் எழுதிய முதல் வாக்கியம் 'அங்கிள் ஈட் ஆல்ரெடி'. மேடம் சிரித்துவிட்டார். "ஆல்ரெடி, ஆல்ரெடினு சொல்லியே நீங்க எல்லாம் காலத்த ஓட்டிட்டீங்க லா." உண்மைதான். மலாயில் 'சுடா' என்று ஒரு வார்த்தை போதும். சாப்பிட்டது, குளித்தது, செத்தது, கல்யாணம் ஆனது எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சுடா. அதை நாம் இங்கிலீஷிலும் ஆல்ரெடி என்று ஒட்டவைத்துக்கொண்டோம். மறுநாள் ஜாக்கிரதையாக, பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டு, 'அங்கிள் ஹேஸ் ஈட்டன் யெஸ்டர்டே' என்று எழுதினேன். மேடம் அதிலும் ஒரு சிவப்புக் கோடு போட்டார். "நேத்துனு எழுதினா ஹேஸ் வராது." ஏன் வராது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. மற்றவர்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

அந்த நேரத்தில்தான் நீ இந்த நியூசிலாந்து வேலைக்கு இன்டர்வியூ பழகிக்கொண்டிருந்தாய். கைப்பேசியைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்து அதற்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, 'ஐ ஹேவ் வொர்க்ட் இன் திஸ் ஃபேக்டரி ஃபார் சிக்ஸ் இயர்ஸ்' என்று திரும்பத் திரும்பச் சொல்வாய். நான் வெண்டைக்காய் நறுக்குகிற மாதிரி நின்று கேட்பேன். 'ஐ ஹேவ் எ மோட்டார்' என்றால் மோட்டார் சைக்கிள் உன்னிடம் இருக்கிறது. 'ஐ ஹேவ் வொர்க்ட்' என்றால் உன்னிடம் என்ன இருக்கிறது? வேலை செய்து முடித்த பிறகு கையில் எதை வைத்துக்கொண்டு ஹேவ் என்கிறாய்? ஒரு நாள் என்னையே பார்த்தாய். "என்னாமா அப்படி வெறிக்கிற?" "ஒண்ணும் இல்லடா, காய் முத்தலா இருக்கு." கேட்டிருக்கலாம். ஆனால் நீ செகண்டரியில் படிக்கும்போது ஒரு தடவை உன்னிடம் ஏதோ இங்கிலீஷ் வார்த்தை கேட்டேன். "இதுகூடத் தெரியலையாமா?" என்றாய். உனக்கு ஞாபகம் இருக்காது. நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பரீட்சை நேரம், அவசரத்தில் சொன்னாய். ஆனாலும் அதற்குப் பிறகு நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை.

ஆகவே இன்னொரு பொய்யையும் ஒப்புக்கொள்கிறேன். சனிக்கிழமைகளில் எனக்கு ஓவர்டைம் கிடையாது. ஈப்போவில் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில், பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஐந்து மாதமாக அங்கே போகிறேன். உன் வயதுதான் இருக்கும் எங்கள் மிஸ்ஸுக்கு. பாகான் செராய் ஊர்ப் பெண், பொறுமைசாலி. பலகையில் ஒரு நீளக் கோடு போட்டு, இங்கே நடந்தது, இங்கே நாம் நிற்கிறோம் என்று காட்டுவார். வேலை அங்கே முடிந்துவிட்டது, ஆனால் அதன் பலன் இங்கே நாம் நிற்கும் இடம்வரை வந்திருக்கிறது, அப்போதுதான் ஹேஸ், ஹேவ் என்றார். நேற்று என்று சொன்னால் அந்தச் சம்பவத்தை நேற்றிலேயே கட்டிப்போட்டுவிடுகிறோம், அதனால் ஹேஸ் வராது என்றார். எனக்கு மண்டையில் ஏறுகிற மாதிரி இருக்கும், வீட்டுக்கு வருவதற்குள் இறங்கிவிடும்.

ஒரு சனிக்கிழமை குடும்பத்தைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னார். நான் 'மை ஹஸ்பண்ட் ஹேஸ் டைட் எய்ட் இயர்ஸ் எகோ' என்று எழுதினேன். மிஸ் என் பக்கத்தில் குனிந்து, "ஆன்ட்டி, எட்டு வருஷத்துக்கு முன்னாலனு வந்துட்டா ஹேஸ் வேணாம். டைட் மட்டும் போதும். முடிஞ்சு போச்சு இல்லையா?" என்றார். நான் கேட்டேன், "முடிஞ்சு போச்சுதான் மிஸ். ஆனா அவரு இன்னைக்கும் இல்லாமத்தானே இருக்காரு. பலன் இங்க வரைக்கும் வந்திருக்கே?" அந்தப் பெண் பலகையில் போட்ட கோட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நீங்க சொல்றது சரிதான் ஆன்ட்டி, ஆனா பரீட்சையில அப்படி எழுதிடாதீங்க," என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் என்னால் சிரிக்க முடியவில்லை.

பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். தமிழிலேயே இது இருக்கிறதே என்று ஒரு நாள் குளிக்கும்போது தோன்றியது. மருந்து குடித்தார். குடித்திருக்கிறார். குடித்திருந்தார். குடித்திருப்பார். இங்கிலீஷ்காரன் ஹேஸ், ஹேட், வில் ஹேவ் என்று முன்னால் வைப்பதை நாம் இருக்கிறார், இருந்தார், இருப்பார் என்று பின்னால் வைக்கிறோம். அவன் தன்னிடம் இருக்கிறது என்கிறான், நாம் சும்மா இருக்கிறது என்கிறோம். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மிஸ்ஸிடம் சொன்னபோது கைதட்டினார். ஆனால் கடைசியில் உள்ள குடித்திருப்பாரில் மட்டும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இங்கிலீஷில் அது பெரும்பாலும், நாளை இத்தனை மணிக்குள் முடிந்துவிடும் என்று முன்கூட்டிச் சொல்வது. நமக்கு அது ஊகம். 'அந்நேரம் குடிச்சிருப்பாரு' என்றால் நாம் பார்க்கவில்லை, நினைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

புரிந்தது வேறு, கை எழுதுவது வேறு. ஏழு வாக்கியம் எழுத எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும். மேடம் படம் பிடிக்க ஆறு மணிக்கு வருவார். சாயங்காலம் ஆறு பேரைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, உடை மாற்றுவதற்கு நடுவில் நான் எங்கே உட்கார்ந்து எழுத? அதனால் மத்தியானம் அவர்கள் தூங்கும் நேரத்தில் எழுதத் தொடங்கினேன். காலையில் நடந்ததையும் எழுதினேன், சாயங்காலம் நடக்கப் போவதையும் சேர்த்தே எழுதினேன். 'அங்கிள் ஹேஸ் டேக்கன் ஹிஸ் மெடிசின்.' அந்த மருந்து ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆறரைக்குக் கொடுக்க வேண்டியது. ஒரு மணிக்கே எழுதி முடித்துவிடுவேன். என் எழுத்து நிதானமாக, அழகாக இருந்தது. மேடம் எல்லோர் முன்னாலும், "பாருங்க, கொஞ்ச மாசத்துக்கு முன்னால டிக் போட்டுக்கிட்டு இருந்தவங்க," என்று என் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார். தம்பி, என்னை யாரும் அப்படித் தூக்கிக் காட்டியதே இல்லை.

அதில் தப்பு இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று இந்த மூன்று நாளாக யோசிக்கிறேன். சின்ன வயதில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டு நடக்கும். ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குத்தான் பெரட்டு என்று பெயர். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி லாந்தரைப் பிடித்துக்கொண்டு பட்டியலைப் படிப்பார். பக்கத்து வீட்டு அக்கா கைப்பிள்ளைக்காரி, எப்போதும் பிந்துவாள். அவள் பெயர் வந்தால் என் அம்மா குரலை மாற்றி, 'இருக்கேன்' என்பாள். அந்த அக்கா எப்படியும் ஓடிவந்து சேர்ந்துவிடுவாள். அது பொய் என்று யாரும் நினைத்ததில்லை. உதவி என்றுதான் நினைத்தோம். ஒரு நாள் அவள் வரவே இல்லை. காய்ச்சலில் வீட்டுக்குள் நினைவில்லாமல் கிடந்திருக்கிறாள். பட்டியலில் வந்தவள் என்று இருந்ததால் மத்தியானம்வரை யாரும் தேடவில்லை. பிள்ளை அழுகிற சத்தம் கேட்டுத்தான் போய்ப் பார்த்தார்கள். பிழைத்துக்கொண்டாள். என் அம்மா அடுத்த மாதமே மறுபடியும் அவளுக்காக 'இருக்கேன்' சொல்லத் தொடங்கிவிட்டாள். அம்மாவைக் குறை சொல்ல நான் யார்? நானும் அப்படியே வளர்ந்திருக்கிறேன்.

இப்போது அங்கிளைப் பற்றிச் சொல்கிறேன். வயது எழுபத்தொன்பது. சீனர். அந்தக் காலத்தில் வேனில் காய்கறி ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாக விற்றவர், அதனால் நம்மைவிட நன்றாகத் தோட்டத்துத் தமிழ் பேசுவார். என்னைத் தங்கச்சி என்பார். இரத்த அழுத்தத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை. அதைக் கொடுப்பதற்குள் தினமும் ஒரு நாடகம்.

"தங்கச்சி, இந்த மருந்த யாரு கண்டுபிடிச்சா? அவனையே சாப்பிடச் சொல்லு லா."

"வாயத் திறங்க அங்கிள், நேரமாச்சு."

"என் பொண்டாட்டிகூட என் வாயத் திறந்து பாத்தது இல்ல. நீ யாரு பாக்க?"

முன்பு டிக் போட்ட காலத்தில் அவர் விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்டிய பிறகுதான் நகர்வேன். வாக்கியம் எழுதத் தொடங்கிய பிறகு அது மாறிப்போயிருக்கிறது. கிண்ணத்தைக் கையில் கொடுப்பேன், அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். என் மனதில் அந்த வேலை மத்தியானமே முடிந்துவிட்டது. நான் சோம்பேறித்தனத்தால் விட்டேன் என்று நினைக்காதே. முடிந்துவிட்டது என்று என் கையாலேயே எழுதியதைத்தான் நம்பினேன்.

மூன்று வாரமாக அவருடைய அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. போன புதன்கிழமை கட்டிலில் இருந்து எழுந்தவர் தலைசுற்றி அப்படியே சாய்ந்தார். நான் பிடித்துவிட்டேன். மேடம் டாக்டருக்குப் போன் போட்டார். மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். மேடம் என் புத்தகத்தை விரித்து, ஒவ்வொரு நாளாகப் புரட்டி, என் வரிகளை அப்படியே படித்தார். ஹேஸ் டேக்கன், ஹேஸ் டேக்கன், ஹேஸ் டேக்கன். "ஒரு நாள்கூட விடல டாக்டர், எங்க ஆளு கரெக்டா எழுதியிருக்காங்க." அப்படியானால் இந்த அளவு போதவில்லை, திங்கட்கிழமை வந்து பார்த்துவிட்டு மாத்திரையை இரண்டு மடங்காக்குகிறேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருடைய ஜன்னலோரம் உள்ள பூச்சட்டிக்குத் தண்ணீர் ஊற்றினேன். மண்ணில் வெள்ளை வெள்ளையாக ஏதோ தெரிந்தது. விரலால் கிளறினேன். மாத்திரைகள். கரைந்தும் கரையாமலும் ஒன்பது அகப்பட்டன, முழுதாகக் கரைந்து போனவை இன்னும் எத்தனையோ.

"அங்கிள், என்னா இது?"

"விதை போட்டேன். முளைக்குதா பாப்போம்."

"விளையாடாதீங்க அங்கிள். எத்தன நாளா இப்படி?"

அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார், "கால் வீங்குது தங்கச்சி, அத சாப்ட்டா. வேணாம்னு நெனச்சேன். அப்புறம் பாத்தேன். நீ மத்தியானமே என் பக்கத்துல உக்காந்து மருந்து சாப்ட்டாச்சுனு முணுமுணுத்துக்கிட்டே எழுதிடுற. நான் தூங்கல லா, கண்ண மூடிக்கிட்டு இருக்கேன், அவ்வளவுதான். புஸ்தகம் சாப்ட்டுடுச்சு. அப்புறம் எனக்கு எதுக்கு?"

அன்று சாயங்காலம் நான் அவர் முன்னால் நின்று, விழுங்க வைத்து, நாக்கைப் பார்த்தேன். கால் வீக்கத்தை டாக்டரிடம் கட்டாயம் சொல்லச் சொல்கிறேன் என்று கெஞ்சிய பிறகுதான் விழுங்கினார். சனி, ஞாயிறு எனக்கு விடுமுறை. அந்த இரண்டு நாளும் வேலையில் இருக்கும், இந்தோனேசியாவின் மேடானிலிருந்து வந்த பெண் யாந்தியிடம், வாயைத் திறந்து பார்த்துக் கொடு என்று சொல்லி வைத்தேன். இரண்டு நாளும் போன் போட்டுக் கேட்டேன். "சுடா காக், சுடா," என்றாள், ஆச்சு அக்கா, ஆச்சு என்று. அதனால் இந்த நிமிஷம் அவருக்கு ஆபத்து இல்லை. ஆபத்து நாளைக்குத்தான். மூன்று வாரமாகப் பாதிக்கு மேல் மண்ணில் போட்டவர் இப்போதுதான் ஒழுங்காக விழுங்குகிறார். இந்த நேரத்தில் இரண்டு மடங்கு கொடுத்தால் அழுத்தம் எங்கே போய் இறங்கும்? ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து நடப்பவர் அவர். நர்ஸ் வேலை தெரியாத எனக்கே இது தெரிகிறது. டாக்டருக்குத் தெரியாது, ஏனென்றால் என் புத்தகத்தைப் படித்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமையே நான் மேடத்திடம் சொல்லியிருக்க வேண்டும். ஒன்பது மாத்திரையையும் ஒரு டிஷ்யூவில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். காட்டுவதற்கா மறைப்பதற்கா என்று அப்போது எனக்கே தெரியவில்லை. மேடத்தின் அறை வாசல்வரை போனேன். உள்ளே யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். நல்லதாகப் போயிற்று என்று திரும்பி வந்து, எங்களை வீட்டில் கொண்டுவிடும் வேனில் ஏறிவிட்டேன். இப்படி வாசல்வரை போய்த் திரும்புவது எனக்குப் புதிது இல்லை தம்பி. நீ செகண்டரி ஸ்கூல் சேர்ந்த வருஷம், ரிப்போர்ட் கார்டு வாங்கும் நாளில் எனக்கு ஓவர்டைம் என்று சொன்னேன் அல்லவா? ஓவர்டைம் இல்லை. உன் ஸ்கூலுக்கு எதிரே இருக்கும் பஸ் நிறுத்தத்தில்தான் நின்றிருந்தேன். கேட் தெரிந்தது. மற்ற அம்மாமார்கள் கார்களில் வந்து இறங்குவது தெரிந்தது. டீச்சர் இங்கிலீஷில் ஏதாவது கேட்டுவிட்டால் உன் முன்னால் நான் முழிப்பேனே என்று ரோட்டைத் தாண்டவில்லை. வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். அன்று ராத்திரி நீ சொன்னாய், "டீச்சர் கேட்டாங்கமா. அம்மா வந்துகிட்டே இருக்காங்கனு சொன்னேன்." எல்லோரும் போகும்வரை வகுப்பு வாசலில் உட்கார்ந்திருந்தாய் என்று பிறகுதான் தெரிந்தது. பதினைந்து வருஷமாக உன்னிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அதற்கு முன்னாலும் பின்னாலும், வீட்டில் நீ இங்கிலீஷ் பேசினால், 'வெள்ளைக்காரன் வீட்டுலயா பொறந்த' என்று கிண்டல் செய்தேன். உன்மேல் கோபம் இல்லை. நீ நான் வர முடியாத ஏதோ ஓர் இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறாய் என்ற பயம்.

இப்போது நிஜமாகவே போகிறாய். உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நினைப்பாய். தகுதி இல்லாமலே சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ வேலை பார்த்த ஜெலாப்பாங் தொழிற்சாலையில் மெஷின்களைத் தினமும் சோதித்ததாகக் கையெழுத்துப் போட வேண்டிய தாளில், வெள்ளிக்கிழமை ஐந்து நாளுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் போடுவோம் என்று ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னாய். எல்லாரும் அப்படித்தான் என்றாய். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நீ போகிற இடத்திலும் மெஷின் உண்டு, தாள் உண்டு, அதை நம்பிக் கையை உள்ளே விடுகிற இன்னொரு தாயின் பிள்ளை உண்டு. பார்த்த பிறகு எழுது. பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று எழுது. திட்டு வாங்கு. எழுதிவிட்டால் நம் கண் அந்தப் பக்கம் போகாது தம்பி, அதுதான் இதில் உள்ள ஆபத்து. குடித்திருப்பார் என்று நினைத்து, குடித்திருக்கிறார் என்று எழுதினேன். மிஸ் ஐந்து மாதம் பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்த பாடம் எனக்கு நன்றாகவே புரிந்திருந்தது. புரிந்தது எனக்குத் தடுப்பாக இருக்கவில்லை.

இன்னொன்று. புரியாததைக் கேள். அந்த ஊர்க்காரர்கள் வேகமாகப் பேசுவார்கள், நீ தலையாட்டிவிட்டு வந்துவிடுவாய், எனக்குத் தெரியும், அது என்னிடமிருந்து உனக்கு வந்தது. சாயங்காலம் ஆறரைக்குக் கொடுக்கும் மருந்தை ஆறு மணிக்கு எப்படி எழுதுவது மேடம் என்று நான் முதல் நாளே கேட்டிருந்தால், அவர் ஏழு மணிக்குப் படம் பிடித்திருப்பார். ஒரு கேள்வி. அதைக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். என்னை வேலையை விட்டு நிறுத்தினால் நீ திரும்பி வராதே. எனக்குக் கை கால் இருக்கிறது. கடைகளில் பாத்திரம் கழுவவும் ஆள் தேடுகிறார்கள். நீ திரும்பி வந்தாயானால், நான் உண்மையைச் சொன்னதற்கு நீ தண்டனை அனுபவிக்கிற மாதிரி ஆகிவிடும். பிறகு நான் எந்த உண்மையையும் சொல்ல மாட்டேன். இதை மிரட்டல் என்று வைத்துக்கொண்டாலும் சரி.

நாளைக்கு நடக்க வேண்டியதை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஆறரைக்கு வேன் வரும். ஏழு மணிக்கு மேடம் தேநீர் குடிப்பார். அவர் முன்னால் டிஷ்யூவைப் பிரித்து வைக்க வேண்டும். தமிழில்தான் சொல்லப் போகிறேன். மத்தியானம் அரை நாள் விடுப்பில் வந்து உனக்குச் சோறு போட்டு, பஸ் ஏற்றிவிட வேண்டும். அப்போது என் முகத்தில் நீ எதையும் கண்டுபிடிக்கக் கூடாது. மேடம் கத்துவாரா, அழுவாரா? இல்லை, ஒன்றும் பேசாமல் என் பக்கத்தை மட்டும் புரட்டிக்கொண்டிருப்பாரா? அதுதான் எனக்கு ரொம்பப் பயம். அங்கிளின் மகளுக்கு மெல்பர்னில் என்ன சொல்வார்கள்? ஆறு மாதமாக அந்தப் பெண் என் வரிகளைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்.

உனக்கும் அப்படி ஒரு நிம்மதியைக் கொடுக்கத்தான் நினைத்தேன். நீ இதைப் படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும் என்பதால், கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தின் அடியில், 'மேடத்திடம் சொல்லிவிட்டேன், நீ கவலைப்படாதே' என்று எழுதிவிட்டேன். எழுதியதும் மனம் எவ்வளவு லேசாகிவிட்டது தெரியுமா? எழுந்து விளக்கை அணைக்கப் போனேன், இனி படுத்துத் தூங்கலாம் என்று. சுவிட்சில் கை வைத்தபோதுதான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. திரும்பி வந்து அந்த வரியை அடித்துவிட்டேன். நீ இப்போது பார்க்கிற கறுப்புப் பட்டை அதுதான்.

அதனால் நான் சொன்னேனா இல்லையா என்பது இந்தக் கடிதத்தில் இல்லை. குளிர்சட்டையைப் போட்டுக்கொள், ஏதாவது சாப்பிடு, பிறகு எனக்குப் போன் போடு. எடுத்ததும் நல்லா இருக்கியாமா என்று தொடங்காதே, நான் அதைப் பிடித்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். சொன்னியாமா என்று மட்டும் கேள்.